வேதமுத்துவின் நாற்பது நாள் வீரம்

பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருக்கும் வேதமுத்து அண்ணாச்சிக்கு இரண்டு பெருமைகள். அவர் விசில் ஊதினால் எந்த டிரைவரும் அரை நிமிஷம் கூடுதலாக நிற்க முடியாது. இன்னொன்று, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலத்தில் அவர் சிகரெட்டைத் தொடமாட்டார். லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று பாக்கெட்டைத் தூக்கிப் போட்டால் ஈஸ்டர் வரைக்கும் விரதம்தான். முப்பது வருஷமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மீதி நாளெல்லாம் தினம் ஒரு பாக்கெட். அதிலும் தவறியதில்லை.

நான் கிங்ஸ்லி. ஆலயப் பாடகர் குழுவில் இருபது வருஷமாக அவர் பக்கத்தில் நின்று பாடுகிறேன். அவர் சட்டையின் புகை வாடை எனக்கு மனப்பாடம். லெந்து வந்தால் முதல் இரண்டு வாரம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். பை நிறையக் கடலை மிட்டாய் இருக்கும். மூன்றாவது வாரம் வாடை போய், குரல் தெளிந்துவிடும். புனித வெள்ளியன்று அவர் பாடினால் பின்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும்.

அப்படிப்பட்ட மனுஷன் ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை முடிந்ததும் நேரே எதிரே உள்ள டீக்கடைக்குத்தான் போவார். கடைக்காரர் சுடலைக்கண்ணு பண்டிகை மரியாதையாக ஒரு சிகரெட்டை எடுத்து வைத்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். கேட்டால், "நாப்பது நாள் பொருத்தனை முடிஞ்சிட்டுலே" என்பார்.

போன வருஷம் லெந்து தொடங்கியதும் பிடித்த இருமல் நாலாவது வாரமும் நிற்கவில்லை. சிகரெட்டை விட்டதால்தான் இருமல் என்று அண்ணாச்சி தாமாகவே கண்டுபிடித்தார். அவர் மனைவி கிரேஸ் அக்கா அதிகம் பேசமாட்டார். கையைப் பிடித்து டாக்டர் பெர்சிஸிடம் இழுத்துப் போனார். துணைக்கு நானும் போனேன். பெர்சிஸ் எங்கள் சபைப் பெண், சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பாடசாலையில் அண்ணாச்சியிடம் கொட்டு வாங்கியவள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எல்லாம் எடுக்கச் சொன்னாள். முடிவு வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் பஸ்கள் இஷ்டத்துக்குப் புறப்பட்டன. அண்ணாச்சி பயந்து போயிருந்தார். நானும்தான்.

"கட்டி ஒண்ணும் இல்ல மாமா. மூச்சுக்குழாய்ல சளி. மாத்திரைக்குக் கேட்கும்" என்றாள் பெர்சிஸ்.

அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாலே கிங்ஸ்லி! முப்பது வருஷம் இழுத்தும் ஒண்ணும் ஆகல!"

"இன்னைக்கு இல்லன்னுதான் படம் சொல்லுது மாமா. நாளைக்கு வராதுன்னு சொல்லல. நுரையீரல்ல புற்றுநோய் வந்தா பெரும்பாலும் ஆரம்பத்துல வலிக்காது. சளியில ரத்தம், மூச்சு வாங்குதது, மெலிஞ்சு போறது எல்லாம் தெரிய வாரதுக்குள்ள பல பேருக்கு நோய் முத்திரும். இப்பவே விட்டுட்டீங்கன்னா பத்து வருஷத்துல அந்த ஆபத்து பாதியாக் குறையும்."

"நான்தான் வருஷம் நாப்பது நாள் விடுதேனே?"

"அதுதான் வயித்தெரிச்சல். என்கிட்ட வாரவங்க முத மூணு வாரத்தத் தாண்ட முடியாமத் தவிக்காங்க. நீங்க முப்பது தடவ தாண்டிட்டு, முப்பது தடவையும் திரும்பி வந்திருக்கீங்க." பிறகு கிரேஸ் அக்காவைக் காட்டினாள். "அத்தை இழுத்ததும் உங்க புகையத்தான். அவங்களுக்கும் ஆபத்து இருக்கு."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். ஆனால் ஆட்டோவில் ஏறியதும், "ஈஸ்டருக்கு ஒண்ணே ஒண்ணு. அப்புறம் பாப்போம்" என்றார். கன்னத்தில் ஒன்று விடலாமா என்று இருந்தது எனக்கு.

ஈஸ்டரும் வந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். சுடலைக்கண்ணு சிரித்துக்கொண்டே சிகரெட்டை நீட்டினார். "வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. சிகரெட்டை உதட்டில் வைத்து, தீப்பெட்டிக்குக் கை நீட்டினார்.

கிரேஸ் அக்கா ரோட்டைக் கடந்து வந்தார். அந்தக் கடைக்கு அவர் வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலே உயரவில்லை.

"எல்லாரும் ஈஸ்டர் எப்போ வரும்னு காத்திருக்காங்க. நான் மட்டும் முப்பது வருஷமா இந்த நாள் வரவே கூடாதுன்னு ஜெபம் பண்ணுதேன்."

சபையில் வேதம் போதிக்கும் உபதேசியார் வீட்டில் பிறந்து வளர்ந்த பெண் சொல்கிற வார்த்தையா அது! அண்ணாச்சி சிகரெட்டை உதட்டிலிருந்து எடுத்துக் கசக்கிப் போட்டார். "சுடலைக்கண்ணு, மூணு டீ மட்டும் போடும்வே" என்றார்.

அதோடு எல்லாம் சுபம் என்று சொன்னால் பொய். ஈஸ்டர் கழிந்து ஐம்பதாம் நாள் வரும் பெந்தெகொஸ்தே சமயத்தில் ரொம்பவே தடுமாறினார். பெர்சிஸ் நிக்கோடின் சூயிங்கம் கொடுத்தாள். அதை மென்றுகொண்டே விசில் ஊதப் போய், இரண்டு தடவை விழுங்கியும் விட்டார். ஆனால் பற்றவைக்கவில்லை.

இந்த ஈஸ்டருக்கு ஆராதனை நாலு மணிக்கு. மூன்று மணிக்கே எங்கள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் கிரேஸ் அக்கா, புதுச் சேலையில். "இன்னுமா தூங்குதீங்க? கிளம்புங்க, நேரமாச்சு!"