எங்கள் வீட்டுச் சர்வாதிகாரி

வான்கூவரில் பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு 'தேங்க்யூ' சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். நம் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் அப்படிச் சொல்லிப் பாருங்கள், "இன்னாமா, எதுனா உட்டுட்டியா?" என்று ஓட்டுநர் கேட்பார். வந்த புதிதில் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு இறங்கிய நானும் இப்போது கூட்டத்தோடு கோவிந்தா போடப் பழகிவிட்டேன்.

அந்த பஸ்ஸில்தான் மாலைக் கல்லூரிக்குப் போகிறேன். இந்தப் பருவத்தில் எங்களுக்கு ஒரு நாவல். சர்வாதிகாரியை எதிர்த்து நின்ற அக்கா தங்கைகளின் கதை. சர்வாதிகாரத்தின்கீழ் வாழ்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று பேராசிரியை கேட்டார். பழக்கதோஷம், எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டேன். இங்கே யாரும் எழுந்திருப்பதில்லை. எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார், சகோதரிகள் மூவரும் எதிர்த்தோம் என்றேன். வேதனையாக இருந்தால் சொல்ல வேண்டாம் என்று பேராசிரியை குரலைத் தாழ்த்தி, டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். அட கடவுளே, நான் சொன்னது என் அப்பாவை!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு ஒரே தறி. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரைக்கு நூல்கண்டு வைத்த நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் நாங்கள் மூவரும்தான், முறை வைத்து. பிளஸ் டூ முடித்ததும் செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போகிறேன் என்றேன். பெண்பிள்ளை தினம் பஸ் ஏறி வெளியூர் போவதா, முடியாது என்றார் அப்பா. அவர் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் அவர் தறியில் உட்கார்ந்தபோது பெரியக்கா எழுந்தே வரவில்லை. சின்னக்காவைக் கூப்பிட்டார். "தங்கச்சி காலேஜுக்குப் போவட்டும், நான் வரேன்பா" என்றாள். அம்மாவுக்குத் திடீரென்று கைவலி. அப்பா கூப்பிட்டால் வராதே என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலை பாதியில் நின்றது. அப்பா முறைத்தார், சாப்பிடாமல் கிடந்தார், கடைசியில் இறங்கி வந்தார்.

இதையெல்லாம் கேட்டு வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குத்தான் வீடு திரும்பும் வழியெல்லாம் உறுத்தல். அப்பா காதில் விழுந்தால் மனசு நொந்துபோவாரே. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பெரியக்காவிடம் சொன்னேன். அவள் சரியான ஓட்டைவாய், அங்கேயே உரக்கச் சொல்லிவிட்டாள். அப்பா ஃபோனை வாங்கினார்.

"அந்தக் கதையில வர்ற ஆளு, பொண்ணுங்கள இன்னா பண்ணான்?"

"கொன்னுட்டாம்பா."



"நான் கால்கடுக்க க்யூவுல நின்னு உனுக்கு பஸ் பாஸ் வாங்கியாந்தேன். அத்த சொன்னியாமா கிளாஸ்ல?"

சொல்லவில்லை. நாளைக்குக் கட்டாயம் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் பஸ்ஸில் பாஸைக் காட்டி ஏறினேன். அப்பாவுக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. நம் வீடுகளில் யார் சொல்கிறார்கள்? கல்லூரி நிறுத்தம் வந்தது. இறங்கும்போது தமிழிலேயே, சத்தமாகச் சொன்னேன், ரொம்ப நன்றி என்று. டர்பன் கட்டிய ஓட்டுநர், தனக்குத்தான் என்று நினைத்து, சிரித்தபடி கையை உயர்த்தினார்.