கண்டிக்காரருக்குப் பதில் சொன்ன சக்கரம்

எங்கள் சித்தப்பா, கண்ணால் பார்த்தே இராத ஒரு மனிதரோடு தினமும் காலையில் பேசுவார். மந்தைவெளி வீட்டு மாடி அறையில், வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேச உதவும் அவருடைய ஹாம் ரேடியோ இருந்தது. பேச்சு என்றால் வாயால் அல்ல, மோர்ஸ் சங்கேதத்தில். விரலால் தட்டத் தட்ட, குட்டையும் நெட்டையுமாக விசில் சத்தம் போகும், வரும். ஆறரை மணிக்குக் கண்டியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கூப்பிடுவார். அங்கே மழையா, இங்கே காப்பி ஆச்சா, அவர் மனைவிக்கு இழுப்பு தேவலையா, இவ்வளவுதான் விஷயம். இதற்கு அரசாங்க லைசென்ஸ் வேறு!

அந்த வருஷம் சித்தப்பாவுக்குப் போட்டிப் பைத்தியம் பிடித்தது. ஒரே நாளில் ரேடியோவில் எத்தனை ஊர்க்காரர்களைப் பிடிக்கிறோம் என்பதுதான் போட்டி. எல்லோருக்கும் சொல்வது அதே நாலு வார்த்தைதானே, கை எதற்கு நோக வேண்டும் என்று, பழைய கிராமபோன் மோட்டாரில் ஒரு பித்தளைச் சக்கரத்தை மாட்டினார். அதன் விளிம்பெல்லாம் மோர்ஸுக்கு ஏற்றபடி குட்டையும் நெட்டையுமாக அரம் போட்டு வெட்டிய பற்கள். ஸ்விட்சைத் தட்டினால் சக்கரம் சுற்றி, பிசகாமல் மோர்ஸ் அனுப்பும்: நன்றாகக் கேட்கிறது, ரொம்ப சந்தோஷம், இங்கே நல்ல வெயில்.

"கை வலிக்காம நூறு பேரோட பேசலாம், பாத்துக்கோ" என்று மார்தட்டிக்கொண்டார். எனக்கு ஒன்பது வயது. தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அவர் சொல்லிவைத்திருந்ததால் ஆசை இரட்டிப்பாயிற்று.

ஒருநாள் வீட்டுக்குப் பால் வரவில்லை என்று அம்மா சித்தப்பாவை டிப்போவுக்கு விரட்டிவிட்டாள். ரேடியோ சூடேறட்டும் என்று போட்டுவிட்டுப் போயிருந்தார். சரியாக ஆறரைக்குக் கண்டிக்காரர் கூப்பிட்டார். மோர்ஸ் தெரியாவிட்டாலும் அவர் கூப்பிடும் தாளம் மட்டும் எனக்கு மனப்பாடம். பதில் வராவிட்டால் பெரியவர் கோபித்துக்கொண்டு போய்விடுவாரே! சித்தப்பா செய்வதைப் போலவே ஸ்விட்சைத் தட்டினேன்.

சக்கரம் அழகாகச் சொல்லி முடித்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து மெதுவாக, விட்டு விட்டு ஏதோ வந்தது. நின்றதும் மறுபடி தட்டினேன். மறுபடி அவர். மூன்றாம் முறையும் ஆயிற்று. அடேயப்பா, எனக்குத் தலைகால் புரியவில்லை!

திரும்பினால், பால் பாட்டில்களோடு சித்தப்பா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எத்தனை தடவைடி போட்டே?"

"மூணு."

"அவர் ஆத்துக்காரி நேத்திக்குத் தவறிப் போயிட்டாளாம்டி. அதைச் சொல்லிண்டிருக்கார். நாம ரொம்ப சந்தோஷம், நல்ல வெயில்னு சொல்லிண்டிருக்கோம்."

சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கையாலேயே மோர்ஸ் அடிக்க ஆரம்பித்தார். அழுதுகொண்டே அடித்தார். ஆபீஸுக்கு நாழியாச்சு என்று கீழேயிருந்து அம்மா இரண்டு முறை கத்தியும் எழுந்திருக்கவில்லை. நானும் அழுதேன், பயத்தில்.

ஒருவழியாக எழுந்தவர், "உன்மேல கோபமில்லையாம்" என்றார். "மொதல் தடவையே மெஷின்னு தெரிஞ்சுடுத்தாம். என் கை இவ்ளோ சீரா அடிக்காதுன்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா திரும்பத் திரும்பச் சொன்னார்? மெஷின்கிட்டயா?"

சித்தப்பா பால் பாட்டில்களை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அன்று பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டின்போது தோழிகளிடம் இந்தக் கதையை எடுத்துவிட்டேன். ஒரு அசட்டுத் தாத்தா, மெஷின் என்று தெரிந்தும் அதனிடம் மூன்று தடவை பேசினாராம் என்று நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதிகம் சிரித்தவள் நான்தான்.