கன்ரீனில் ஒரு பாஸ்கா

கன்ரீன் நடத்துகிறவன் இரண்டு பேரை நம்பக்கூடாது: முதல் நாளே சாப்பாட்டைப் புகழ்கிறவனையும், "நாளைக்குக் கட்டாயம் வாறன், எடுத்து வையுங்கோ" என்கிறவனையும். அடுப்போடு மாரடிக்கும் சகோதரங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என் கன்ரீன் மன்னாரின் கீரிக் கடற்கரையில், ஒரு பல்கலைக்கழகம் தன் கடலாராய்ச்சிப் பிள்ளைகளுக்காக எடுத்த விடுதியில். சண்டை முடிந்து தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி, மீன் ஏலத்தில் தொண்டை கிழியக் கத்திச் சம்பாதித்துப் பிடித்த இடம். எனக்கிருப்பது ஒரே ஒரு அக்கா. அவள் முகாமிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கென்று என் வீட்டில் ஓர் அறை கட்டி, கட்டிலும் அலுமாரியும் போட்டு வைத்திருக்கிறேன். ரெலிபோனில் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "அடுத்த வருசம் வாறன் தம்பி." அந்த இடத்திலேயே போனை வெட்டிவிடுவேன்.

ஓசிக் கசப்பு

ஒரு பங்குனியில், வெளிநாட்டிலிருந்து படிப்பிக்க வந்திருந்த ரூத் மிஸ் சமையலறைக்கு வந்தார். யூதப் பெண். புத்தகம் பார்த்துப் படித்த தமிழ். பிழையே இராது, அதனாலேயே பாதி விளங்காது. அவரும் கூட வந்த மாணவர் சிலரும் பாஸ்கா கொண்டாட வேண்டுமாம். புளிக்காத ரொட்டி வேண்டும், கசப்பாக ஏதாவது ஒரு கறியும் வேண்டும். எகிப்தில் தங்கள் முன்னோர் அடிமையாய் இருந்த காலத்தை மறக்காமலிருக்கக் கசப்புத் தின்பார்களாம்.

உப்புக்குளத்துச் சலீம் நானாவின் மரக்கறிக் கடைக்குப் போனேன். சண்டைக் காலத்தில் மற்ற முஸ்லிம் சனங்களோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் அகதியாய்க் கிடந்து, திரும்பி வந்து கடை போட்ட மனிதர். அவரோடு விலை பேசிச் சண்டை பிடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பாவற்காயைக் கையில் எடுத்து, "முத்தல், பூச்சி" என்று தொடங்கினேன். ஆருக்கு என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். தராசைக் கீழே வைத்துவிட்டுப் பையை நிரப்பித் தந்தார்.

"மூசா நபிட கதைதானே? கசப்புக்கு நான் காசு எடுக்க மாட்டன். புத்தளத்தில எங்களுக்கு அது ஓசியிலதான் கிடைச்சது."

ஊறாத மா

விருந்தன்று பின்னேரம் மாவைக் குழைத்து, ஈரத்துணியால் மூடி வைத்தேன். மாவை ஊறவிடாமல் ரொட்டி போடுகிறவன் அடுப்படிக்கே வரக்கூடாது என்பது என் கொள்கை. மிஸ் துணியைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அவ்வளவையும் கொட்டச் சொன்னார். தண்ணீர் பட்ட கையோடு சுட்டு முடித்துவிட வேண்டுமாம்.

எனக்கு வந்த கோபத்தில் அகப்பை பறந்தது. "ஓட்டுத்துண்டு மாதிரி இருக்கும் மிஸ், ஆர் தின்னுறது?" என்றேன். "எகிப்தைவிட்டு ஓடியபோது மா புளிக்கும்வரை காத்திருக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை, ஐயா" என்றார் அவர். எங்களோடு ஒரே வள்ளத்தில் இந்தியாவுக்குப் போன, இப்போது கன்ரீன் சமையலில் எனக்குக் கைகொடுக்கிற றீற்றா அக்கா பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்:

"மாக் குழைக்கவாவது நேரம் இருந்திருக்கு. நாங்கள் அரிசியை உலையில விட்டிட்டெல்லோ ஓடினனாங்கள்."

வராத ஆளுக்கு ஒரு கோப்பை

நிலவு கிளம்பியதும் விருந்து தொடங்கியது. மேசையில் ஒரு கோப்பை திராட்சைச் சாறு யாரும் தொடாமல் இருந்தது. அது என்றோ ஒருநாள் திரும்பி வரப்போகிற எலியா தீர்க்கதரிசிக்காம். சாப்பாடு முடிந்த பிறகு, அவருக்காக எழும்பிப் போய்க் கதவையும் திறந்தார்கள். கடற்காற்று மெழுகுதிரியை அணைத்தது; ஒரு நாய் உள்ளே வந்தது. இதுவரை எப்போதாவது வந்திருக்கிறாரா என்று கேட்டேன். இல்லையாம். ஓடர் கொடுத்துவிட்டு வராத ஆட்களை எனக்குத் தெரியும். ஆனால் தலைமுறை தலைமுறையாக அவருக்கு எடுத்து வைக்கிறவர்களை அன்றுதான் கண்டேன்.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து தங்கள் பாஷையில் ஒரு வசனம் சொன்னார்கள். "அடுத்த வருடம் எருசலேமில்" என்று மிஸ் அதை எனக்குத் தமிழில் சொன்னார். அந்த "அடுத்த வருசம்" என் காதில் விழுந்ததுதான் தாமதம், வெடித்துவிட்டேன். "இப்படிச் சொல்லி ஏமாத்துற ஆள் எனக்கு ஏற்கெனவே ஒண்டு இருக்கு மிஸ். உங்களுக்கு ரிக்கெற் எடுத்தால் நாளைக்கே போகலாந்தானே?" அந்த ஆள் யார் என்று கேட்டார். அக்காவைப் பற்றியும், பூட்டாமல் கிடக்கிற அறையைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. மிஸ் எனக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"போக வழியே இல்லாத காலத்திலும் எங்கள் ஆட்கள் இதைச் சொன்னார்கள், ஐயா. ஏமாற்ற நினைப்பவர் ஒருமுறைதான் சொல்வார். ஒவ்வொரு வருடமும் சொல்பவருக்கு வர விருப்பம் இருக்கிறது."

வெட்டாத போன்

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு எடுத்தேன். மகளின் படிப்பு, அரசாங்கக் கந்தோரிலிருந்து வர வேண்டிய கடிதம், திரும்புகிறவர்களுக்குக் கப்பல் விடப்போகிறார்களாம் என்ற கதை, எல்லாம் வழமைபோல. பிறகு வழமையான அந்த வசனமும் வந்தது. விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது. இழுத்து எடுத்துக்கொண்டு, "சரி அக்கா, அடுத்த வருசம் மன்னாரில. அறை துப்பரவாய்த்தான் கிடக்கு" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"என்னடா தம்பி, குடிச்சிருக்கிறியோ?"

நாளைக்கு வாறன் என்கிறவனை நம்பக்கூடாது என்று மேலே எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். அடுத்த வருசம் வாறன் என்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை.