கன்னத்துச் சிவப்பு

என் தங்கையின் ரத்தத்தை நான்தான் சோதித்தேன். எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. மூட்டெல்லாம் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். வெயிலில் போனால் மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னம் சிவந்துவிடும். ரத்தத்தை வெதுவெதுப்பில் இரண்டு மணி நேரம் வைத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளை அணு இன்னொரு அணுவின் உட்கருவை முழுசாக விழுங்கி உப்பிப்போய்க் கிடந்தது. அந்த நோய்க்கு லூபஸ் என்று பெயர்.

டாக்டர் எனக்கு விளக்கினார். கிருமி நுழைந்தால் அணுக்கள் ஒன்றுக்கொன்று ரசாயனத்தால் சேதி அனுப்பும். சேதி போன இடம் சிவக்கும், வீங்கும், சுடும். வேலை முடிந்ததும் 'போதும்' என்று இன்னொரு சேதி வரவேண்டும். தங்கைக்கு அந்தப் 'போதும்' வரவேயில்லை. எதிரியே இல்லாத ஊரில் தண்டோரா ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. "பரம்பரையா வர்ற ஜீன் சமாச்சாரமும் இதுல இருக்கு. முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது" என்றார். அந்தச் சேதிகளுக்கு இன்று இன்டர்ஃபெரான், அது இது என்று பெயர் சொல்கிறார்கள். நானும் தேடித் தேடிப் படிக்கிறேன். படித்து யாரைக் காப்பாற்றப் போகிறேனோ.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். "திடீர்னு மட்டும் நிறுத்திராதீங்க, உயிருக்கே ஆபத்து" என்று என்னிடம்தான் சொன்னார். வலி குறைந்தது. ஆனால் மாத்திரையால் அவள் முகம் உப்பிவிட்டது. குழாயடியில் பூசணிக்காய் என்று கேலி செய்தார்கள். அவள் தண்ணீர் எடுக்கப் போவதையே விட்டுவிட்டாள்.

பங்குனியில் ஊரில் அம்மை போட்டிருந்தது. அவளுக்கும் காய்ச்சல் ஏறி, கன்னம் மறுபடி சிவந்தது. அம்மா ஒரு பார்வைதான் பார்த்தாள், வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டாள். அம்மை கண்ட வீட்டில் தாளிப்பு கிடையாது, விருந்தாளி கிடையாது, மருந்தும் கிடையாது.

"அந்த மாத்திரைய எடுத்து உள்ள வையிய்யா. அம்மா எறங்கியிருக்கையில மருந்து குடுத்தா குத்தமாயிரும்."

ஒரு கொப்புளம்கூட இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அது எந்தச் சிவப்பு என்பதும் தெரிந்தது. வாயைத் திறக்கப் போனேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா சொல்றதயே கேப்போம்ணே. இந்த மூஞ்சியாச்சும் கொஞ்சம் வத்தும்." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. தெய்வக் குற்றம் என்ற பயமும் எனக்குள் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். மாத்திரைப் பாட்டிலை நானே எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஐந்தாம் நாள் வாந்தி எடுத்தாள், கைகால் சில்லிட்டுப் போயிற்று. வாடகைக் கார் பிடித்து மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். தல்லாகுளம் தாண்டுவதற்குள் என் மடியிலேயே போய்விட்டாள். அம்மன் அழைத்துக்கொண்டாள் என்று ஊர் சொன்னது. அம்மாவும் அப்படியே சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு பஸ்ஸில் வெயில் படும் பக்கம் எந்தப் பெண் உட்கார்ந்தாலும் எனக்கு அவள்தான். இறங்கி வேறு பஸ் ஏறிய நாள்களும் உண்டு.

எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தாள். அவளுக்கு ஏழு வயதான கோடையில், விளையாடிவிட்டு இரண்டு கன்னமும் சிவக்க வந்து நின்றாள். சட்டைகூட மாற்றாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அம்மாவும் பின்னாலேயே ஓடிவந்து ஏறினாள். என் பிள்ளையின் ரத்தத்தைத் தொட எனக்குக் கை வரவில்லை; கூட வேலை பார்ப்பவர்தான் எடுத்தார். ஒன்றுமில்லை, வெறும் வெயில் சூடு என்றார்கள்.

திரும்பி வரும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள். "ஏய்யா, அன்னைக்கு அவளயும் இப்படித் தூக்கிட்டு ஓடியாந்திருந்தா?"

"அது அம்மைதாம்மா. நாம என்ன செய்ய முடியும்?"

மடியில் தூங்கும் பேத்தியின் முகத்தை முந்தானையால் வெயில் படாமல் மூடினாள் அம்மா.

"அம்மைன்னா, பொறந்ததுலருந்து தெனமும் இது கன்னத்தத் தொட்டுத் தொட்டு எதய்யா தேடுற?"