ஓவர்லாக்கின் ஆறு யூனிட்

தெருவில் அவளுக்குப் பெயரே ‘ஓவர்லாக்’தான். துணியின் ஓரம் பிரியாமல் அடித்துத் தரும் அந்த மெஷினை அந்தப் பக்கத்தில் முதலில் வாங்கிய தையல்காரி அவள். வாடிக்கையாளர்களுக்கு நல்லவள். ஆனால் மனசில் ஒன்று ஏறிவிட்டால் இறங்காது.

இரண்டு வருஷமாக ஏறி உட்கார்ந்திருந்தவள் நாத்தனார். புருஷனின் அக்கா, பக்கத்து வீடு, நடுவில் இடுப்புயரச் சுவர். அப்போதெல்லாம் கரண்ட் போனால் நாத்தனார் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு ஒயர் சுவரைத் தாண்டி வரும், மெஷின் ஓடும். ஒருநாள் சீருடை ஆர்டர் கொடுக்க ஒரு தலைமையாசிரியை வந்து உட்கார்ந்திருந்தார். நாத்தனார் சுவரோரம் வந்து, “ஓசிக் கரண்டுல ஓடற கடைக்கு ஆர்டர் வேற கேக்குதா?” என்று சொல்லி ஒயரைப் பிடுங்கினாள். தலைமையாசிரியை எழுந்து போனவர்தான், திரும்பி வரவில்லை. “விடுடி, அக்காதானே” என்றான் பஸ் ஓட்டுகிற புருஷன். விடுவதாவது! ஒரு வாரம் அவனிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டில் பேட்டரி வைத்தால் பாதி விலை அரசாங்க மானியம் என்று கேள்விப்பட்டதும், மறுநாளே பேட்டரிக்காரரை வரவழைத்துவிட்டாள்.

“பன்னெண்டு யூனிட் போடுப்பா.”

அவர் மெஷின்கள், அயர்ன் பாக்ஸ், ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தார். “நாலு மணி நேரம் கரண்ட் போனாலும் ஆறு யூனிட் தாராளம்க்கா. பன்னெண்டு யாருக்கு?”

“ஆறு எனக்கு. மிச்சம் ஆறு பக்கத்து வீட்டுக்காரி வயித்தெரிச்சலுக்கு.”

“வயித்தெரிச்சலுக்கு மானியம் கிடையாதுக்கா. உங்க பில்லுக்கு ஆறு வரைக்கும்தான். ஒரு மீட்டருக்கு ஒரே தடவை, கையெழுத்துப் போட்டா மாத்த முடியாது.” போகும்போது இன்னொன்றும் சொன்னார். “நோட்டீஸ்ல ரெண்டு நம்பர் இருக்கும். கிலோவாட்டுங்கறது குழாய், ஒரே நேரத்துல எவ்வளவு கொட்டும்னு. யூனிட்டுங்கறது தொட்டி, மொத்தம் எவ்வளவு புடிக்கும்னு. தொட்டியைப் பாருங்கக்கா.”

அரை மனசோடு ஆறு வாங்கினாள். பெட்டி சுவரில் ஏறிய நாளிலிருந்து நாத்தனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வாரத்தில் வேறொரு கடையின் நோட்டீஸோடு சுவரோரம் வந்து நின்றாள்.

“உன்னோடது ஆறுதானே? நான் எட்டு! நாளைக்குக் கையெழுத்து.”

ஓவர்லாக் அதை வாங்கி நிதானமாகப் படித்தாள். கொட்டை எழுத்தில் எட்டு. ஆனால் அது கிலோவாட். அடியில் பொடி எழுத்தில், யூனிட் நான்கு. சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

“பிரமாதம் அண்ணி. மானியம் தீர்ந்துடப் போகுது, நாளைக்கே போட்டுடுங்க.”

கோடையில் ஒரு மத்தியானம், மூன்று மணிக்குக் கரண்ட் போனது. நாத்தனார் வீட்டில் புதுப் பேட்டரியில் ஏசி, வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடின. “என் வீட்டுல ஏசியே ஓடுதுடி!” என்று சுவரைத் தாண்டி ஒரு குரல். ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்தாள். நாலரை மணிக்குப் பக்கத்து வீட்டில் ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் ஏசியும் அடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அடித்தொண்டை வரை இனித்தது.

ஐந்து மணிக்கு நாத்தனார் வாசல் வழியாகவே வந்தாள், வியர்த்துக்கொட்ட, கையில் அதே நோட்டீஸோடு. ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“நாலு யூனிட்தானாம். கீழேயே போட்டிருக்காம். இனிமே மாத்தவும் முடியாதாம், மானியமும் போச்சு.” சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். “அன்னிக்கு நீயும் கையில வாங்கிப் பாத்தியே. உன் கண்ணுல படலியா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உறவு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த ஒரு பொய்யில் இரண்டு வருஷமும் வீணாகிவிடும்.

“பட்டுச்சு அண்ணி,” என்றாள் ஓவர்லாக், ஊசியில் நூலைக் கோத்தபடி. “ரெண்டு தடவை படிச்சேன்.”