மாஸ்டர் சொன்னார், நான் சொல்லவில்லை

போன ஞாயிறு ஆரையம்பதியில் ஒரு பாராட்டு விழா. அரசியலிலிருந்து ஓய்வு பெற்ற முன்னாள் எம்.பி. ஒருவருக்கு. ஊரில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்' — கணக்குப் படிப்பித்தவர், பிறகு நாடாளுமன்றம் போனவர். பேசச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

பேச விஷயமா இல்லை? மண்டூர் வயல் வட்டைக்கு ரோட்டுப் போட்டவர். எம்.பி.க்குக் கிடைக்கும் தீர்வையில்லா வாகன பெர்மிட்டைக் காசுக்கு விற்காதவர். நாலு முறை வென்றும் பழைய வீட்டிலேயே இருப்பவர்... அடுக்கினேன். நல்ல கைதட்டல்.

ஆனால், மாஸ்டர் ஒரு பழைமைவாதி. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு என்றபோது எதிர்த்து வாக்களித்தவர். சித்தாண்டியில் தையல் கடை வைத்திருக்கும் தவமணி பிரதேச சபைக்குப் போட்டியிட வந்தபோது, கட்சியின் வேட்பாளர் பட்டியலிலிருந்து அவள் பெயரை வெட்டியவரும் அவரே. அதைக் கண்டித்து இதே பத்தியில் எத்தனை வாரம் எழுதியிருப்பேன்? மேடையில் ஒரு சொல்கூட வரவில்லை. நல்ல நாளும் பொழுதுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன்.

தவமணி மூன்றாவது வரிசையில் இருந்தாள். அந்தப் பக்கம் பார்க்காமலே பேசி முடித்தேன். எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

கடைசியில் மாஸ்டர் எழும்பினார். மைக்கைக் கையில் எடுத்தார்.

“எல்லாரும் நல்லதை மட்டும் சொன்னீங்க. பொம்பிளைகள் அரசியலுக்கு வாறதை நான் எதிர்த்தனான். தவமணிட பேரை வெட்டினதும் நான்தான். அந்தப் புள்ள இங்கதான் இருக்கு. இண்டைக்கும் என்ட எண்ணம் மாறல்ல. ஆனா, செய்ததை மறைச்சு எனக்கொரு மாலை வேணாம்.”

எனக்குக் காது சுட்டது.

தவமணி எழும்பி, நிதானமாகச் சொன்னாள்: “உங்கட எண்ணம் பிழை மாஸ்டர். வாற முறை நான் சுயேச்சையா நிக்கிறன்.”

“ஓம் புள்ள, நில்லு. நான் எதிராத்தான் பேசுவன்” என்றார் அவர். இருவர் முகத்திலும் சிரிப்பு! சண்டைக்காரர்களுக்குள் இருந்த மரியாதையில் எனக்கு மட்டும் இடமில்லை.

வாசலில் தவமணி என்னிடம் வந்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“நீங்க எழுதினதெல்லாம் வெட்டி வச்சிருக்கன் அக்கா. இண்டைக்கும் நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்.”

பஸ்சுக்கு நேரமாகிறது என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு நடந்தேன்.

கொள்கை பிழையான மனிதரிடம் நேர்மை இருந்தது. கொள்கை சரியான என்னிடம்... ஒரு பொன்னாடைதான் இருந்தது.