கனி கற்ற ஆஸ்பத்திரி இங்கிலீஷ்

சண்முகக்கனியின் தம்பி முத்துராஜ் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது, நான் பிரஸ்ஸில் டெய்லி காலண்டர் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். “அக்கா, டாக்டரு வெளிய வந்து இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுதாரு. அவருக்குத் தமிழ் வராதாம். நீங்க கேளுங்க” என்று போனை அவரிடமே கொடுத்துவிட்டான். “வீ டிட் எவ்ரிதிங் வீ குட்” என்றார் அவர். எங்களால் ஆனதையெல்லாம் செய்துவிட்டோம். அதன் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. கனி போய்விட்டாள் என்ற செய்தியை, கனி எனக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியமே கொண்டுவந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆமத்தூர் வேனில் அவளோடு வந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் முதலாளிக்குச் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியும் உண்டு, பிரஸ்ஸும் உண்டு; ஆட்களை ஏற்றிப்போக ஒரே வேன்தான். வண்டி கிளம்பியதும் கனி ஆரம்பித்துவிடுவாள். முந்தின நாள் கேபிளில் பார்த்த இங்கிலீஷ் ஆஸ்பத்திரி நாடகத்தின் கதை. பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள், படத்துக்குக் கீழே ஓடும் எழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்தே இங்கிலீஷ் பழகினாள். புது வார்த்தை வந்தால் சொல்லிவிட்டு நிறுத்துவாள். அர்த்தம் கேட்டால் கோபம் வரும். “அர்த்தத்த ஏன் கேக்கீக? அதச் சொல்லும்போது டாக்டரு மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க” என்பாள். பிறகு அந்த மூஞ்சியை அப்படியே நடித்துக் காட்டுவாள். கிரிட்டிக்கல், ஸ்டேபிள், கோமா எல்லாம் பட்டாசு மருந்து இடிக்கப் போகிற பெண்களுக்கும் தெரிந்துபோயின.

ஒரே கோளாறு, அந்த நாடகத்தில் யாரும் நிம்மதியாக இருக்க மாட்டார்கள். அதனால் சாவுக்கும் வலிக்கும் மன்னிப்புக்கும் அவளிடம் வார்த்தை இருந்தது. காப்பி சாப்பிடுங்கள், லோடு நாளை கிளம்பும் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நான் மல்லுக்கட்டி அவளைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டேன். ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டாள். “எல்லாரும் எந்திரிச்சு எந்திரிச்சு பேரச் சொல்லுதாக. யாருக்கும் ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது. அங்கன எப்படிடி உக்கார?” என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, இரண்டு அறை வைக்கலாம் போலவும் இருந்தது.

வெளிநாட்டு டைரி ஆர்டர்கள் வரத் தொடங்கியதும் மெயில் எழுத ஆள் தேவைப்பட்டது. பேக்கிங்கில் இருந்த கனி தானே போய் முதலாளியிடம் கேட்டு அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறந்து கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். பழைய மெயில்களைப் பார்த்து எழுதியவரை ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழையில் பைண்டிங் பசை காயாமல் ஒரு லோடு தாமதமானபோது, பார்த்து எழுதப் பழைய மெயில் கிடைக்கவில்லை. “ஐ ஆம் வெரி சாரி. வீ டிட் எவ்ரிதிங் வீ குட். ப்ளீஸ் பி ஸ்ட்ராங்” என்று எழுதிவிட்டாள். நாடகத்து டாக்டரின் முகத்தில் அவள் பார்த்திருந்தது, பாடுபட்டும் கைகூடாமல் போனவரின் வருத்தம். பைண்டிங் ஆட்களின் முகமும் அன்று அப்படித்தான் இருந்தது. கஸ்டமரோ, சிவகாசி என்பதால் எல்லாம் தீப்பிடித்து எரிந்துவிட்டது என்றே நினைத்து, ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்.

“ஏம்மா கனி, டைரி செத்தா போச்சு? போயி பேக்கிங்கப் பாரும்மா” என்றார் முதலாளி. அவ்வளவுதான். நாற்காலிக்கு அவருடைய மச்சினன் மகன் வந்தான். அவன் ஒரு லோடை வேறு நாட்டுக்கே அனுப்பிவைத்தான். அவனை யாரும் நாற்காலியிலிருந்து எழுப்பவில்லை. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “இன்னொரு மட்டம் போயிக் கேளுடி” என்று எத்தனையோ தடவை சொன்னேன். “கேக்கலாம். அதுக்கு எந்த நாடகத்துலயும் வார்த்தை வரலையே” என்று சிரித்து மழுப்பினாள். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

பட்டாசுப் பக்கம் வேலை பார்க்கும் மாரித்தாயின் பேரன் மாசம் நிறையாமல் பிறந்து, மதுரையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். நானும் கனியும் பார்க்கப் போயிருந்தோம். அங்கிருந்த டாக்டரம்மாவும் தமிழ் வராதவர், வடக்கே இருந்து வந்தவர். கனி நேரே அவர் முன்னால் போய், “வில் ஹி மேக் இட்?” என்றாள். பிழைத்துக்கொள்வானா என்று இரண்டு நாளாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கேட்கத் தெரியாமல் இருந்தது. அந்தம்மா ஏதோ சொல்லிக் கனியின் தோளைத் தட்டினார். கனி திரும்பி, “பெரியம்மா, பொழச்சுக்கிடுவான். அவுக கண்ணுல பயம் இல்ல” என்றாள். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஊர் திரும்பியதும் இதை முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். “நல்ல பிள்ளதான். சீசன் முடியட்டும், பாப்போம்” என்றார். சீசன் முடிந்து அடுத்த சீசனும் வந்தது; கனி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

கடைசியில் கேபிள்காரரும் அந்தச் சேனலை எடுத்துவிட்டார். “இத யாரும்மா பாக்கா?” என்று கேட்டிருக்கிறார். “ஒரு வேன் சனமே பாக்குதுய்யா” என்று சண்டை போட்டுவிட்டு வந்தாள். முதலாளியிடம் போடாத சண்டையை அங்கே போட்டாள்.

ஊர் வியாதிக்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் சொன்னவள், தன் வயிற்று வலியை மட்டும் வாயு, வாயு என்றே தள்ளிக்கொண்டு வந்தாள். பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வேனில் வந்து உட்காருவாள். வலி முற்றிய பிறகுதான் முத்துராஜ் அவளை மதுரைக்குக் கொண்டுபோனான். அவளுக்குத் தெரிந்த வார்த்தைகளில் ஒன்றையாவது தனக்கென்று சொல்லியிருக்கக் கூடாதா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

என்னிடம் இங்கிலீஷ் அதிகம் தங்கவில்லை. வார்த்தையைக் கேட்டதும் சொன்னவரின் முகத்தைத் தேடுகிற பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அது அவள் கொடுத்தது.

அன்று போன் கைமாறியதும் முத்துராஜ், “என்னக்கா சொன்னாரு?” என்றான். இதே வார்த்தைகள் ஒரு தடவை வெறும் டைரிக்காகவும் போயிருக்கின்றனவே என்று எனக்கு ஒரு நப்பாசை.

“அதச் சொல்லும்போது டாக்டரு மூஞ்சி எப்படிய்யா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“மூஞ்சியவே காட்டலக்கா. தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு.”